மங்கோலியாவுக்கு ஒரு தடம் விடுங்கள்: சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 2030-ல் பிரெஞ்சு ஆல்ப்ஸில் நடக்கவிருக்கும் குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஸ்பீட் ஸ்கேட்டிங் (கத்தி பொருத்திய காலணியோடு பனிக்கட்டித் தளத்தில் ஓடும் வேகப் போட்டி) தகுதி விதிகளை நீங்கள் வகுக்கும்போது, கூரை வேய்ந்த 400 மீட்டர் பனித்தளம் இல்லாத நாடுகளின் வீரர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வையுங்கள். கேட்பவன் பனியே பெய்யாத ஊரில் இருப்பவன். மங்கோலியாவோடு எனக்கு உறவும் இல்லை, தொழிலும் இல்லை. இந்த விளையாட்டை நேசிக்கிறேன், அதன் பழைய பதிவுகளைப் படிக்கும்போது ஓர் அநியாயம் கண்ணில் பட்டது, அதனால் எழுதுகிறேன்.

லுவ்சன்ஷரவின் ட்சென்ட் என்ற பெயர் உங்கள் ஆவணங்களில் இருக்கும். லுவ்சன்ஷரவ் என்பது தந்தை பெயர், ட்சென்ட் என்பது அவர் பெயர். தமிழர்களைப் போலவே மங்கோலியரும் தந்தை பெயரை முன்னால் வைப்பவர்கள். 1940-ல் பிறந்த இவர் 1964-ல் இன்ஸ்ப்ரூக், 1968-ல் கிரெனோபிள், 1972-ல் சப்போரோ என்று தொடர்ச்சியாக மூன்று குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கேட் அணிந்து நின்றவர். பதக்கம் எதுவும் வெல்லவில்லை. மங்கோலியா இன்றுவரை குளிர்கால ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் வென்றதில்லை. அதனாலேயே ட்சென்டின் பெயரை எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆனால் அந்த 1964-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். மங்கோலியாவின் ஒலிம்பிக் குழு 1956-ல் தொடங்கி 1962-ல்தான் அங்கீகாரம் பெற்றது. அந்த நாடு ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் காலடி வைத்தது மல்யுத்தத்தில் அல்ல. டோக்கியோ கோடைக்கால ஒலிம்பிக் அந்த ஆண்டு அக்டோபரில்தான் நடந்தது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே இன்ஸ்ப்ரூக்கில் மங்கோலியக் கொடி பறந்துவிட்டது. ஒரு தேசத்தின் முதல் ஒலிம்பிக் வீரர்கள் வரிசையில் ஸ்பீட் ஸ்கேட்டர்கள் இருந்தார்கள். புல்வெளியும் குதிரையும் மல்யுத்தமும் என்றே உலகம் அறிந்திருந்த ஒரு நாடு, உங்கள் விளையாட்டின் வழியாகவும் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு நாடு ஒரு விளையாட்டுக்குச் செய்துவிட முடியாது.

அந்த இன்ஸ்ப்ரூக்கில் பனிக்குப் பஞ்சம். ஆஸ்திரிய ராணுவத்தினர் மலையிலிருந்து பனியையும் பனிக்கட்டிகளையும் சுமந்து வந்து பாதைகளை நிரப்பினார்கள். ஜனவரியில் சர்வசாதாரணமாக மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே போகும் உலான்பாத்தரிலிருந்து வந்த இளைஞர்கள், பனியைத் தேடி அலையும் ஒரு ஆல்ப்ஸ் நகரத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து சப்போரோ வரை ட்சென்ட் ஓடிய மூன்று ஒலிம்பிக் தளங்களும் திறந்தவெளித் தளங்கள். காற்று எல்லோருக்கும் அடித்தது. வெயில் எல்லோருடைய பனிக்கட்டியையும் இளக்கியது. நார்வேக்காரரும் டச்சுக்காரரும் சோவியத் வீரரும் அவரும் ஒரே வானத்தின் கீழே நின்றார்கள். வசதியில் அன்றும் வேறுபாடு இருந்தது. ஆனால் அந்த வேறுபாடு ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடும் அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

வாசல் சாத்தப்பட்டது பின்னால்தான்.

1986-ல் கிழக்கு பெர்லினிலும், அதே ஆண்டில் நெதர்லாந்தின் ஹேரன்வேன் நகரத்துத் தியால்ஃப் அரங்கத்திலும் 400 மீட்டர் தளத்துக்கு மேலே கூரை வந்தது. 1988-ல் கால்கரியில் முதன்முறையாக ஒலிம்பிக் ஸ்பீட் ஸ்கேட்டிங் உள்ளரங்கில் நடந்தது. 1992-ல் ஆல்பர்ட்வில் மட்டும் மீண்டும் திறந்த வானத்தின் கீழ் நடத்தியது. அதன் பிறகு எந்த ஒலிம்பிக்கும் அப்படி நடத்தவில்லை. அந்த ஆல்பர்ட்வில்லில் மங்கோலியாவின் நியாம்தொந்தவின் கன்போல்டும் தாஷ்செவெகின் ஒச்சிர்சுரெனும் 400 மீட்டர் தளத்தில் ஓடினார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து நடந்த லில்லஹாமர் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தளத்தில் மங்கோலியர் ஒருவரும் இல்லை. 2006 முதல் 2022 வரை ஐந்து குளிர்கால ஒலிம்பிக்கிலும் மங்கோலியா அனுப்பியது பனிவெளியில் நெடுந்தூரம் சறுக்கிச் செல்லும் கிராஸ் கண்ட்ரி ஸ்கீ வீரர்களைத்தான். ஒவ்வொரு முறையும் இரண்டே பேர்.

இதற்குக் கூரை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. 1990-ல் மங்கோலியாவில் ஆட்சிமுறை மாறியது. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த உதவி நின்றது. உணவே பங்கீட்டு அட்டைக்கு வந்துவிட்ட ஆண்டுகள் அவை. அந்த நிலைமையில் எந்த அரசும் ஸ்கேட்டிங்குக்குப் பணம் ஒதுக்காது. ஒதுக்கவில்லை என்று குறை சொல்லவும் முடியாது. அந்த நாடு எழுந்து நிற்பதற்குள் விளையாட்டு வேறு உயரத்துக்குப் போய்விட்டது. காலணியின் குதிகால் கத்தியிலிருந்து கழன்று எழும் கிளாப் ஸ்கேட் வந்தது. 1998 நகானோ ஒலிம்பிக்குக்குள் முன்னணி வீரர்கள் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். தகுதிக்கான நேரங்கள் உள்ளரங்கத் தளத்தை அளவுகோலாகக் கொண்டு இறுகின. ஒரு தலைமுறை முழுவதும் பயிற்சியாளர் இல்லாமல், தளம் இல்லாமல் விட்டுப்போனது.

இங்கே ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். உலகிலேயே மிகக் குளிரான தலைநகரம் உலான்பாத்தர். அவர்களுக்குப் பனிக்கட்டிக்கு என்ன குறை? வடக்கே ஹோவ்ஸ்கோல் ஏரி இருக்கிறது. 136 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனாக உறைகிறது. ஒரு காலத்தில் லாரிகளே அதன்மேல் போய்வந்தன. தலைநகரை ஒட்டி ஓடும் தூல் ஆறும் உறைகிறது. உறைந்த ஆற்றின்மேல் கணுக்கால் எலும்புகளைக் குறிவைத்து விளையாடும் மரபு விளையாட்டு இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஏன் வீரர் வரவில்லை?

பனிக்கட்டி இருப்பது வேறு, ஓடத் தகுந்த பனிக்கட்டி இருப்பது வேறு. உங்கள் சங்கத்துத் தொழில்நுட்பக் குழுவினருக்கு இது பாலபாடம். ஆனால் விதிகளை எழுதும் மேசையில் இது நினைவுக்கு வருவதாகத் தெரியவில்லை. ஸ்கேட்டின் கத்திக்கும் பனிக்கட்டிக்கும் இடையே உராய்வு மிகக் குறைவாக இருப்பது மேற்பரப்பு மைனஸ் 7 டிகிரியை ஒட்டி இருக்கும்போது. அதற்குமேல் குளிர்ந்தால் மேற்பரப்பு இறுகி வறண்டுபோகிறது. கத்தி வழுக்குவதற்குப் பதிலாகத் தேய்கிறது. மைனஸ் 25-ல் ஒரு சுற்று ஓடுபவர், தியால்ஃபில் அதே சுற்றை ஓடுபவரைவிட அதிகமாக உழைத்து மெதுவாக வந்து சேருவார். அதோடு புல்வெளியிலிருந்து வரும் மணல், புகைபோக்கிகளிலிருந்து வரும் கரித்துகள். ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சமே தாண்டும் அகலமுள்ள கத்தி அது. அதன் விளிம்பை மழுக்க ஒரு மணல் துகள் போதும். இரண்டு ஸ்கேட்டுகளையும் சட்டத்தில் மாட்டி, சாணைக்கல்லை நீளவாக்கில் இழுத்து இழுத்துத் தீட்டி, பக்கவாட்டில் எழும் பிசிறை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, தளத்தில் இறங்கிச் சில சுற்றுகளிலேயே அந்த வேலை வீணாகிறது என்றால் அந்த வீரர் எதைத்தான் பயிற்சி செய்வார்? வளைவில் உடலைச் சாய்க்க விளிம்பின்மேல் நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை இல்லாத விளிம்போடு வளர்ந்தவர் நிமிர்ந்தே ஓடப் பழகிவிடுவார்.

இன்னொன்று மூச்சு. உலான்பாத்தரின் மக்களில் பெரும்பகுதியினர் வசிக்கும் கெர் (கம்பளிக் கூடாரம்) குடியிருப்புகளில் குளிர்காலம் முழுவதும் அடுப்பு எரிந்தே ஆகவேண்டும். எரியாவிட்டால் உயிர் தங்காது. பதப்படுத்தாத நிலக்கரியை 2019-ல் தலைநகரில் தடை செய்தார்கள். ஆனாலும் குளிர்காலத்துக் காற்று இன்னும் கனமாகவே இருக்கிறது. ஸ்கேட்டிங் பருவமும் புகைப் பருவமும் அங்கே ஒன்றுதான். திறந்தவெளியில் நுரையீரல் விரியப் பயிற்சி செய்யும் பதினைந்து வயதுச் சிறுமியின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவளையும் தியால்ஃபின் சுத்தமான காற்றில் ஓடுபவளையும் ஒரே கடிகாரம் அளக்கிறது. அந்தக் கடிகாரத்தைத்தான் நாம் நியாயம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அண்மை ஆண்டுகளில் உலான்பாத்தரில் ஸ்டெப் அரீனா என்ற உள்ளரங்கப் பனித்தளம் திறக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் அது ஐஸ் ஹாக்கி அளவுள்ள தளம். ஷார்ட் டிராக் எனும் சிறிய தளத்து ஓட்டத்துக்கு உதவலாம், 400 மீட்டர் ஓட்டத்தின் நீண்ட நேர்பாதையை அதில் எங்கே போய்த் தேடுவது?

ஆக, இயற்கையின் குளிர் இந்த விளையாட்டில் இப்போது ஒரு வரமே அல்ல. இதை நிரூபிக்க கொலம்பியா போதும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் பெத்ரோ காவ்சிலும் லவுரா கோமெசும் கொலம்பியாவுக்காக 400 மீட்டர் தளத்தில் ஓடினார்கள். சக்கர ஸ்கேட்டில் வளர்ந்தவர்கள். பிறகு வெளிநாட்டுத் தளங்களில் பனிக்கட்டிக்குப் பழகினார்கள். 2022 பெய்ஜிங்கில் 500 மீட்டரில் தங்கம் வென்ற எரின் ஜாக்சன் ஃப்ளோரிடாக்காரர். வெயில் ஊரில் பிறந்தவருக்கும் தளமும் பயிற்சியாளரும் கிடைத்தால் தங்கம் வரை போகலாம். உறைந்த நாட்டில் பிறந்தவருக்கு அவை கிடைக்காவிட்டால் தகுதிச்சுற்றின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறு எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

இப்போது விதிக்கு வருகிறேன். மங்கோலியா ஏன் ஸ்கீ வீரர்களை மட்டும் அனுப்புகிறது? உடல்வாகோ ஆர்வமோ காரணம் இல்லை. அண்மைய ஒலிம்பிக்குகளில் கிராஸ் கண்ட்ரியில், குறைந்தபட்சத் தகுதியை எட்டும் வீரர் இருந்தால் போதும், ஆண்களில் ஒன்று, பெண்களில் ஒன்று என்று நாட்டுக்கு அடிப்படை இடம் கிடைக்கிறது. இது பிச்சை அல்ல. தகுதி இல்லாதவருக்கு அது கிடைப்பதும் இல்லை. ஆனால் ஒரு சிறிய நாட்டின் பயிற்சியாளர் தன் மாணவரிடம், ‘இந்த எண்ணை நீ தொட்டுவிட்டால் ஒலிம்பிக் உனக்கு’ என்று கைகாட்ட ஓர் எண் இருக்கிறது. உங்கள் விளையாட்டிலோ எல்லா இடங்களும் உலகக் கோப்பைப் போட்டிகளின் வழியாகவே போகின்றன. உலகக் கோப்பையில் ஓடத் தகுதி நேரம் வேண்டும். தகுதி நேரத்தை எட்ட நல்ல தளம் வேண்டும். நல்ல தளம் வேறொரு நாட்டில் இருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் தங்கப் பணம் வேண்டும். ஒலிம்பிக்குக்குப் போகாத விளையாட்டுக்கு அந்தப் பணத்தை எந்த அரசும் தராது. முப்பத்தைந்து லட்சம் பேர் வாழும் நாடு, 2008-ல் ஜூடோவிலும் குத்துச்சண்டையிலும் தங்கம் வென்ற நாடு, இருக்கும் பணத்தை எங்கே போடும்? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஜூடோவில்தான் போடுவேன்.

இந்தச் சுழலை வெளியிலிருந்து ஒருவர்தான் அறுக்க முடியும். அது நீங்கள்.

முதலில் நான் கேட்ட ஒதுக்கீடு. ஆண்களில் இரண்டு, பெண்களில் இரண்டு இடங்கள் போதும். மங்கோலியாவுக்கு மட்டும் என்று கேட்கவில்லை, தளமில்லாத எல்லா நாடுகளுக்கும் பொதுவாக. குறைந்தபட்ச நேரம் ஒன்றை வையுங்கள். அதை எட்டியவர்களுக்குள் வேகமானவருக்கு இடம் கொடுங்கள். எட்டியவர் யாரும் இல்லையென்றால் அந்த இடம் பழையபடி தரவரிசைக்கே போகட்டும். தரம் தாழ்ந்துவிடும் என்று சொல்வோருக்கு என் பதில்: 2014 சோச்சியில் மொத்தம் 36 ஸ்பீட் ஸ்கேட்டிங் பதக்கங்களில் 23-ஐ நெதர்லாந்து என்ற ஒரே நாடு கொண்டுபோனது. டச்சுக்காரர்களின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன்; அந்தத் திறமையில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் பதக்கமேடையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நாட்டுப் பாடலைப் பாடும் விளையாட்டுக்கு நாளைய ரசிகர் எங்கிருந்து வருவார் என்பதைச் சிந்திக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. நான்கு இடங்களால் கெட்டுப்போகும் தரம் எதுவும் இல்லை.

அடுத்தது, தளம். உலான்பாத்தருக்கு எட்டக்கூடிய தூரத்தில் பெய்ஜிங்கில் 2022 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கம் நிற்கிறது. ஹார்பினில் தளம் இருக்கிறது. அஸ்தானாவில் உள்ளரங்கத் தளம் இருக்கிறது. சீனாவும் கஜகஸ்தானும் உங்கள் உறுப்பு நாடுகள்தான். மங்கோலியாவின் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிலர் ஒவ்வொரு பருவமும் அங்கே தங்கிப் பயிற்சி பெறும் செலவை உங்கள் மேம்பாட்டு நிதியிலிருந்து ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வார முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்து அனுப்புவது கண்துடைப்பு. ஒரு ஸ்கேட்டர் உருவாக எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. நிதியையும் அந்தக் கணக்கிலேயே ஒதுக்குங்கள்.

மூன்றாவது கொஞ்சம் பெரிய ஆசை. ஆனால் ஆதாரமில்லாத ஆசை இல்லை. உங்கள் உலக சாதனைகளில் பெரும்பாலானவை சால்ட் லேக் சிட்டியிலும் கால்கரியிலும் பிறந்தவை. காரணம் உயரம்: ஒன்று கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே, மற்றொன்று 1,000 மீட்டருக்கு மேலே. காற்று மெலிந்தால் எதிர்ப்பு குறைகிறது. உலான்பாத்தர் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில், அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே ஒரு கூரைத்தளம் வந்தால் அது ஆசியாவின் மிக வேகமான தளங்களில் ஒன்றாகும். மங்கோலியருக்குச் செய்யும் உதவியாக மட்டும் அதை நினைக்க வேண்டாம். கொரிய, ஜப்பானிய, சீன வீரர்களும் சாதனை நேரத்துக்காகப் பசிபிக்குக்கு அப்பால் போகத் தேவையிருக்காது.

பணம்? 2026-ல் மிலானில் ஒரு கண்காட்சிக் கூடத்துக்குள் தற்காலிகத் தளம் அமைத்து ஒலிம்பிக் போட்டிகளை நடத்தினீர்கள். அமைக்கவும் கலைக்கவும் கூடிய தளம் சாத்தியம் என்பதை நீங்களே காட்டிவிட்டீர்கள். இனி அப்படி அமைக்கப்படும் ஒவ்வொரு தளத்தின் குளிரூட்டும் கருவிகளும் பக்கப் பலகைகளும் போட்டிக்குப் பின் எங்கே போகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, தளமில்லாத நாடுகளை அந்தப் பட்டியலில் முதலில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் டேராடூனில் 2011-ல் தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காக உள்ளரங்கப் பனித்தளம் ஒன்று கட்டினார்கள். போட்டி முடிந்ததும் ஓட்டும் செலவைத் தாங்க ஆளில்லாமல் பத்தாண்டுக்கும் மேல் பூட்டிக் கிடந்தது. 2025-ல்தான் மீண்டும் உயிர்பெற்றது. அந்தப் பத்தாண்டில் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகளை யார் திருப்பித் தருவார்கள்? ஆகவே உலான்பாத்தரில் கட்டடம் மட்டும் வேண்டாம். மின்கட்டணம், பனிக்கட்டியைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள், சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் ஆகிய மூன்றும் இல்லாத அரங்கம் திறப்புவிழாவோடு செத்துவிடும்.

ட்சென்டைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். அவரோடு அந்த அறுபதுகளில் ஓடிய மங்கோலியர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்களைத் தேடினால் நேரங்களும் இடங்களும் கொண்ட அட்டவணை வரிகளே கிடைக்கின்றன. அவர்கள் எங்கே பயிற்சி செய்தார்கள், ஸ்கேட் எங்கிருந்து வந்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை மங்கோலியாவின் ஸ்கேட்டிங் அமைப்போடு சேர்ந்து பதிவு செய்யுங்கள். நேரில் கண்டவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். 1892-ல் தொடங்கிய உலகின் மிகப் பழைய குளிர்கால விளையாட்டுக் கூட்டமைப்பு உங்களுடையது. வென்றவர்களின் வரலாற்றை நன்றாகவே காத்து வந்திருக்கிறீர்கள். நீங்கள் உலக விளையாட்டு ஆனது, தோற்றும் மறுபடி வந்து நின்றவர்களால்.

2022-ல் கிம் ஜே-யூல் அவர்கள் தலைவராகத் தேர்வானபோது, சங்கத்தின் 130 ஆண்டு வரலாற்றில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர் அவர் என்று படித்தேன். உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆசியாவின் தொலைதூர நாடுகளின் நிலை என்ன என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் உங்கள் காங்கிரஸ் என்ற பொதுக்கூட்டத்தில், ஒதுக்கீட்டு இடங்களைப் பற்றிய தீர்மானம் ஒன்றை நிகழ்ச்சிநிரலில் சேருங்கள். வாக்கெடுப்பில் தோற்றாலும் தோற்கட்டும். எந்த நாடு எதற்காக எதிர்த்தது என்பது பதிவாகட்டும். நான் கேட்டவற்றில் எதையாவது செய்ய முடியாது என்று நீங்கள் முடிவெடுத்தால், அதன் காரணத்தை எழுத்தில் மங்கோலிய ஸ்கேட்டிங் அமைப்புக்குத் தெரிவியுங்கள், எல்லோரும் படிக்கும்படி வெளியிடவும் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு தமிழ் ரசிகன்